ஓ குரூப்னா கறி சாப்பிடணுமா?

"ஓ குரூப்பா? கோதுமையை விட்டுட்டு கறி சாப்பிடுங்க, சுகர் இறங்கிடும்." இந்த யோசனையோட வரலாறு ரொம்பப் பழசில்லை.

ரத்தப் பிரிவுகளை 1901-ல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் வகைப்படுத்தினார். ரத்தம் ஏற்றும்போது உயிர் போகாமல் காத்தது அந்தக் கண்டுபிடிப்பு. அதைச் சாப்பாட்டோடு முடிச்சுப் போட்டுப் பிரபலமாக்கியது, 1996-ல் வெளிவந்த அமெரிக்க இயற்கை மருத்துவர் பீட்டர் டி'அடாமோவின் புத்தகம். ஓ ஆதி வேடர்களின் ரத்தம், அதற்குக் கறி. ஏ விவசாயத்தோடு வந்தது, அதற்குக் காய்கறி, தானியம் என்றார்.

கதை நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஏ, பி இரண்டும் கிப்பன் குரங்குகளுக்கும் உண்டு. சுமார் 2 கோடி வருஷப் பழசு. மனிதர்களில் பெரும்பாலான ஓ, ஏ மரபணுவில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டதால் வந்தது.

2014-ல் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வு 1,455 பேரைப் பார்த்தது. 'ஏ உணவை' ஒட்டிச் சாப்பிட்டவர்களுக்கு இடுப்பளவு, ரத்த அழுத்தம், இன்சுலின் எல்லாமே குறைவு. அவர்கள் எந்த குரூப் என்பது முக்கியமாகவே இல்லை! பலன் தந்தது காய்கறியும் தானியமும்தான், குரூப் இல்லை.

சுகரால் கிட்னி பாதித்தவர் "நான் ஓ" என்று கறியைக் கூட்டினால் ஆபத்து. தட்டை முடிவு செய்ய வேண்டியது சுகர், கிட்னி ரிப்போர்ட். பிளட் குரூப் கார்டு அல்ல.