வேகவதிக் கரையில் சினகாஞ்சி

காஞ்சி மாநகரைக் காண வருவோரை வழிகாட்டிகள் ஏகாம்பரநாதர் கோயில், காமாட்சியம்மன் கோயில், தேரோடும் நான்கு இராச வீதிகள், வரதராசர் கோயில் என அழைத்துச் செல்கின்றனர். பட்டுக் கடையோடு உலா முடிந்துவிடுகிறது. சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி ஆகியவற்றோடு ஒருங்கெண்ணப்பெறும் சினகாஞ்சி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

நகரின் மேற்கே கயிலாசநாதர் கோயிலைக் கண்டபின், தென்மேற்காக நடந்து வேகவதியாற்றைக் கடந்தால் திருப்பருத்திக்குன்றம். இவ்வூர் நகரின் புறத்தே கிடந்த சிற்றூர் அன்று. காஞ்சியின் ஓர் உறுப்பே. பல்லவன் சிம்மவர்மன் பருத்திக்குன்றின் வச்சிரநந்தி முனிவர்க்கு அமண்சேர்க்கை என்னும் ஊரை அளித்ததைப் பள்ளன்கோயில் செப்பேடு கூறுகிறது. 7ஆம் நூற்றாண்டின் சீனப் பயணி யுவான் சுவாங்கும் இந்நாட்டில் நிர்க்கிரந்தர் பலர் வாழ்ந்ததைக் குறித்துள்ளார்.

இங்குள்ள கோயில்கள் இரண்டு. சந்திரப்பிரபர் கோயில் பல்லவர் காலத்து மணற்கல் கட்டடம். அதன் கருவறை மேல்தளத்தில் அமைந்துள்ளது. மற்றொன்று வர்த்தமானர் எழுந்தருளிய திரைலோக்கியநாதர் கோயில். இதன் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. விசயநகரத் தண்டநாயகர் இருகப்பர் தம் குரு புட்பசேனரின் ஆணைப்படி 1387ஆம் ஆண்டளவில் இங்கே சங்கீத மண்டபம் எடுப்பித்தார். விசயநகரத் தலைநகரில் குந்துநாதர்க்குக் கோயில் கண்டவரும் இவரே.

அம்மண்டபத்தின் விதானத்தை நிமிர்ந்து நோக்குக! ரிஷபதேவர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகியோரின் வரலாறுகள் வரிசை வரிசையாக வண்ணத்தில் விரிகின்றன. ஒவ்வொரு காட்சியும் இன்னதென விளங்கத் தமிழிலேயே விளக்கம் எழுதியுள்ளனர். இவ்வோவியங்களை டி. என். இராமச்சந்திரன் விரிவாக ஆராய்ந்து, 1934இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக நூல் தந்தார். கோயில் வளாகத்தில் நிற்கும் குரா மரமும், மேருமந்தர புராணம் இயற்றிய வாமன முனிவரின் நினைவும் இவ்வூரின் தனிப்பெருமைகள்.

வண்ணங்கள் மங்கி வருகின்றன, எழுத்துகளும் தேய்கின்றன. அவற்றைப் படித்துப் பொருள் சொல்லும் முதியோர் குறைய, புறநகர்களில் வளரும் நம் பிள்ளைகளுட் பலர்க்குத் தமிழ் எழுத்தே அயலாகி வருகிறது. ஓவியம் அழிந்தால் நிழற்படமேனும் எஞ்சும். படிக்கும் கண் அழிந்தால் எஞ்சுவது யாது?

தாம்பரத்திலிருந்து படப்பை, ஒரகடம், வாலாசாபாத் வழியே காஞ்சி அரைநாட் பயணம்கூட அன்று. அடுத்த முறை பட்டெடுக்கச் செல்லும் குடும்பத்தார், பிள்ளைகளோடு வேகவதியைக் கடந்து செல்வாராக. விதானத்தின் ஒரு வரியையேனும் அவர்கள் வாய்விட்டுப் படிக்கட்டும்.