மலையேறும் தொழிலாளரும் சங்கம் சேரும் உரிமையும்

போடிமெட்டுச் சாலையில் விடியுமுன் மேலேறும் ஜீப்புகளை நம் பங்கு மக்கள் அனைவரும் அறிவர். பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கவும் களை வெட்டவும் போகிறவர்கள் நம் வீட்டாரே. கோயில் எழும்பிய கதையும் பங்குத் தந்தையர் வரிசையும் இம்மலரின் மற்றப் பக்கங்களில் உள்ளன. அக்கோயிலுக்குக் கூலிப் பணத்தில் காணிக்கை இட்டவர்கள், ஒன்றுகூடிச் சங்கம் வைக்கும் உரிமையை எவ்வாறு பெற்றார்கள் என்பதை நாம் இங்கே சொல்ல முற்படுகிறோம்.

பழைய நாளில் சட்டம் முதலாளியின் பக்கமே நின்றது. பிரிட்டிஷ் ஆட்சியில் 1859-ல் வந்த ஒரு சட்டப்படி, முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை விட்டவனை மாஜிஸ்திரேட் மூன்று மாதம் வரை சிறையில் தள்ளலாம். கடன் வாங்கியவன் கைதியானான்! அச்சட்டம் 1926-ல்தான் ஒழிந்தது.

சங்கத்தின் கதை சென்னைப் பெரம்பூரில் தொடங்குகிறது. பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்னாட்டிக் மில்களில் சாப்பாட்டு இடைவேளைகூடப் போதாமல் தொழிலாளர் தவித்தனர். செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகியோரின் முயற்சியால், பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு. வி. க.வும் அதில் தோள் கொடுத்தார். 1920-ல் கதவடைப்பு வந்தபோது கம்பெனி உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. தொழிலாளரை ஒப்பந்தம் மீறத் தூண்டினார் என்று வாடியாவின்மீதும் பிறர்மீதும் வழக்கு. நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. 75,000 ரூபாய் நஷ்டஈடும் தலைமேல் வந்தது. வாடியா சங்கத்தை விட்டு விலகிய பிறகே அது ஓய்ந்தது. கூலி உயர்வு கேட்பதும் சேர்ந்து வேலையை நிறுத்துவதும் சதிக்குற்றமாகக் கருதப்படக்கூடிய காலம் அது. சங்கம் வைக்கலாம், ஆனால் சங்கம் செய்யவேண்டிய வேலையைச் செய்யக்கூடாது என்றால் அது என்ன சங்கம்?

இந்த வழக்கின் அதிர்ச்சியில்தான் 1921 மார்ச்சில் என். எம். ஜோஷி மத்திய சட்டசபையில் சங்கங்களுக்குப் பாதுகாப்புக் கோரித் தீர்மானம் கொண்டுவந்தார். 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறி, 1927 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். பதிவான சங்கத்தின்மீது சதி வழக்கும் நஷ்டஈட்டு வழக்கும் முன்போல் தொடுக்க முடியாது. ஆனால் அச்சட்டம் போடியில் செல்லும். மெட்டுக்கு அப்பால் செல்லாது. ஏலமலை திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியில் இருந்தது. அங்கே தொழிற்சங்கச் சட்டம் வந்தது 1930-களின் பிற்பகுதியில்தான். காலையில் மலையேறும் தொழிலாளி ஒரு சட்டத்தை விட்டு இன்னொன்றுக்குள் போனான்.

திருச்சபை இதற்கு முன்பே பேசிவிட்டது. நம் பெரியோர் சிங்கராயர் என்று அழைத்த பதின்மூன்றாம் லியோ பாப்பரசர், 1891 மே 15-ல் எழுதிய 'ரேரும் நொவாரும்' என்னும் திருமடலில், தொழிலாளர் சங்கம் கூடுவது இயற்கை உரிமை, அரசு அதைத் தடுக்கலாகாது என்று போதித்தார். 2025-ல் தேர்வான பாப்பரசர் பதினான்காம் லியோ என்று பெயர் சூடியதற்கு அத்திருமடலையே முக்கிய காரணமாகக் கூறினார்.

சுதந்திர இந்தியாவின் அரசியல் சாசனம், 19-ம் பிரிவில், சங்கம் அமைப்பதை அடிப்படை உரிமையாக்கிற்று. அப்படியும் முதலாளி அச்சங்கத்தோடு உட்கார்ந்து பேசியே ஆகவேண்டும் என்று மத்தியச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அதற்கென 1947-ல் செய்த திருத்தம் ஏட்டிலேயே தங்கிவிட்டது. பதிவு வேறு, அங்கீகாரம் வேறு என்பதை மலை மக்கள் பட்டறிந்தார்கள். 1958-ல் மூணாறு வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் சுட்டதில் இருவர் மாண்டனர்.

2015 செப்டம்பரில் அதே மூணாற்றில் தமிழ்ப் பெண்கள், இருந்த சங்கங்களையே ஒதுக்கிவிட்டு, 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் சாலையில் அமர்ந்து 20 சதவீதத்தை வாங்கினார்கள். போனசும் கருணைத்தொகையும் சேர்ந்தது அது. அடுத்த மாதமே தினக்கூலி தேயிலைக்கு 301 ரூபாயாகவும் ஏலத்துக்கு 330 ரூபாயாகவும் பேசி முடிக்கப்பட்டது. சேரும் உரிமையில் சேராதிருக்கும் உரிமையும், புதிதாகச் சேரும் உரிமையும் அடக்கம் என்று நமக்குக் காட்டியவர்கள் அவர்களே. தலைவர்களுக்கு அது கசந்திருக்கலாம்.

2025 நவம்பர் 21 முதல் 1926-ம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு நிற்கிறது. ஓரிடத்தில் பல சங்கங்கள் இருந்தால், வருகைப்பதிவேட்டில் உள்ள தொழிலாளரில் 51 சதவீதம் பேரின் ஆதரவு பெற்ற சங்கமே முதலாளியோடு பேசும் சங்கம் ஆகும். அங்கீகாரம் முதன்முறையாக மத்தியச் சட்டத்தில் ஏறியது நல்லதே. ஆயினும் கணக்கு பதிவேட்டிலிருந்து தொடங்குகிறது. ஏலத்தோட்டங்களில் பல சிறியவை. ஒரு வாரம் ஒரு தோட்டம், மறுவாரம் வேறு தோட்டம் என்று காய் எடுக்கும் பெண்ணின் பெயர் எந்தத் தோட்டத்தின் பதிவேட்டில் ஏறுகிறது? நம் பங்கில் மலைக்குப் போகிறவர்கள் கங்காணியிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுவே.