பாரதியார் தம் நூல்களுக்குத் தேடிய விளம்பரம்



மின்சாரம் வராத காலத்தில் தோட்டத்து லயங்களில் எந்த வீட்டுக்குப் போனாலும் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று மண்ணெண்ணெய்ப் போத்தல், மற்றொன்று தீப்பெட்டி. சீனி தீர்ந்தால் அடுத்த சம்பளம் வரை வெறுந்தேநீர் குடித்துக்கொள்வார்கள். இவை இரண்டும் தீர்ந்தால் அன்று மாலையே கடைக்கு ஆள் போகும். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இந்த இரண்டு பொருள்களையும் புத்தகத்தோடு சேர்த்து நினைத்தார் ஒரு கவிஞர். தம் நூல்கள் அவற்றைப் போலவே வீட்டுக்கு வீடு விலைபோகும் என்று எழுதி, அந்தக் கடிதத்தை அச்சிட்டுத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார். அவர் சுப்பிரமணிய பாரதியார். ஆண்டு 1920.

ஒரு நூல் எழுதியவர் அதை நாலு பேருக்குத் தெரியச் செய்வது எப்படி? முற்காலத்தில் அதற்கு அரங்கேற்றம் இருந்தது. புலவர்கள் கூடிய சபையில் நூலைப் படித்துக் காட்டுவார்கள். சபை ஏற்றுக்கொண்டால் நூலுக்குப் பெயர் வரும். அச்சு வந்த பிறகு கையொப்பம் வாங்கும் வழக்கம் தோன்றியது. நூல் வெளிவந்ததும் வாங்கிக்கொள்கிறோம் என்று வசதியுள்ளவர்களிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் அப்படித்தான் வீடு வீடாக ஏறி இறங்கினார். இரண்டு வழியிலும் நூல் போய்ச் சேர்ந்த இடம் படித்தவர் வீடும் பணக்காரர் வீடும்தான்.

பாரதியாருக்கு முதல் விளம்பரம் வேறு விதமாகக் கிடைத்தது. 1907-இல் சென்னையில் கிருஷ்ணசாமி ஐயர் என்ற பெரிய வழக்கறிஞர் இருந்தார். அரசியலில் அவர் மிதவாதி, பாரதியாரோ தீவிரவாதக் கட்சி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க விரும்பாத காலம் அது. பாரதியார் யாரென்று சொல்லாமலே ஒரு நண்பர் அவரை ஐயரிடம் அழைத்துப் போனார். பாரதியார் பாடினார். ஐயர் மனம் கரைந்து, மூன்று பாடல்களைச் சிறு வெளியீடாக 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். எதிர்க்கட்சிக்காரர் காசில் வந்த விளம்பரம்! இதைவிட நல்ல சாட்சி ஒரு கவிஞனுக்கு வேறு என்ன வேண்டும்?

அடுத்த ஆண்டே நிலைமை மாறிற்று. ‘இந்தியா’ பத்திரிகை மீது அரசு நடவடிக்கை எடுத்தது. பாரதியார் பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போனார். பத்தாண்டுகள் அங்கேதான். பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912-இல் அங்கிருந்தபோது வெளிவந்தது. ஓரிரண்டு வருஷம் எழுத்துப் பழக்கம் உள்ளவர்களுக்கும் விளங்கும்படி எளிய நடையில் காவியம் செய்ய வேண்டும் என்பது அதன் முன்னுரையில் அவர் சொன்ன கருத்து. யாருக்காக எழுதுகிறோம் என்ற கணக்கு அவருக்குத் தெளிவாக இருந்தது. அவர்கள் கையில் நூலைச் சேர்க்கும் வழிதான் அடைபட்டிருந்தது.

1918-இல் புதுச்சேரியை விட்டு வெளியே வந்தவுடன் கைதானார். விடுதலையானபின், மனைவி செல்லம்மாளின் ஊரான கடயத்தில் தங்கினார். அங்கிருந்துதான் அந்தச் சுற்றறிக்கை புறப்பட்டது.

அதிலுள்ள கணக்கைப் பாருங்கள். கைப்பிரதிகள் எல்லாம் 40 நூல்களாக வரும். ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள். மொத்தம் 4 லட்சம் புத்தகம்! ஒரு புத்தகம் சராசரியாக அரை ரூபாய்தான். நல்ல கட்டமைப்பு, படங்களும் உண்டு. ஆரம்பச் செலவுக்கு 20,000 ரூபாய் வேண்டும். நண்பர்கள் ஒவ்வொருவரும் 100 ரூபாய்க்குக் குறையாமல் கடன் தரவேண்டும். அவர் நன்கொடை கேட்கவில்லை. முத்திரை ஒட்டிய கடன் பத்திரம் தருவதாகவும், நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி கொடுப்பதாகவும் எழுதினார்.

வட்டிக்கு வாங்கிக் கஷ்டப்பட்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வட்டி என்று நான் சொல்லத் தேவையில்லை. நூறு ரூபாய்க்கு வருஷத்தில் 24 ரூபாய். கடன் வாங்குகிறவர் தாமே முன்வந்து இவ்வளவு தருகிறேன் என்றால் அது நம்பிக்கையா, நெருக்கடியா? இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பணம் வரவில்லை. போலீஸ் கண்காணிப்பில் இருந்தவருக்குக் கைகொடுக்கப் பலர் அஞ்சியிருப்பார்கள். இன்னொன்றையும் நினைக்க வேண்டும். அந்நாளில் சென்னை மாகாணத்தில் ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். தீப்பெட்டி வாங்குகிறவன் அதைப் படிக்க வேண்டியதில்லை. புத்தகம் அப்படியா? கணக்கில் பாரதியார் பார்க்கத் தவறிய இடம் இதுதான். 1921 செப்டம்பரில் அவர் காலமானார். அவருக்கு 39 வயதுகூட நிறையவில்லை. நாற்பது நூல் திட்டம் கடிதத்தோடு நின்றது.

மறு ஆண்டு செல்லம்மாள், பாரதி ஆச்ரமம் என்ற பெயரில் தாமே பாடல்களை அச்சிட்டார். பிறகு பாரதியாரின் தம்பி விசுவநாதனும் உறவினரும் பாரதி பிரசுராலயம் நடத்தினார்கள். விற்பனை மெல்லத்தான் நடந்தது. 1928-இல் முதலில் பர்மா அரசும், தொடர்ந்து சென்னை அரசும் அந்தப் பாடல்களுக்குத் தடை விதித்தன. போலீசார் புத்தகக் கட்டுகளை அள்ளிச் சென்றார்கள். சென்னைச் சட்டசபையில் சத்தியமூர்த்தி பாடல்களை எடுத்துச் சொல்லி வாதாட, சபையின் பெரும்பான்மை அரசைக் கண்டித்து வாக்களித்தது. பாரதியாரின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. விளம்பரத்துக்குக் காசு கேட்டு வாங்க முடியாதவருக்குச் சர்க்காரே விளம்பரம் செய்தது.

அதற்குப்பின் இசைத்தட்டும் சினிமாவும் வந்தன. 1947-இல் ‘நாம் இருவர்’ படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள், எழுத்துத் தெரியாதவர்கள் வாயிலும் புகுந்தன. ஆனால் அந்த உரிமை ஒரு நிறுவனத்தின் கையில் இருந்தது. வேறொரு படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்ததற்காக வழக்கே வந்துவிட்டது. பொதுமக்கள் குரல் எழுப்ப, 1949-இல் அரசு உரிமையை வாங்கிக்கொண்டது. செல்லம்மாளுக்கும் இரண்டு மகள்களுக்கும் ஆளுக்கு 5,000 ரூபாய் கொடுத்தார்கள். கவிஞர் 1920-இல் கேட்ட 20,000 ரூபாயை நினைத்தால் மனம் கனக்கிறது. 1955 முதல் யார் வேண்டுமானாலும் அவர் நூல்களை அச்சிடலாம் என்றாயிற்று. மலிவுப் பதிப்புகள் பெருகின.

நான் படித்த தோட்டப் பள்ளியில் ஒரே ஒரு பாரதியார் கவிதைத் தொகுதிதான் இருந்தது. அது ஆசிரியரின் மேசைக்குள் பூட்டியிருக்கும். ஆனாலும் அதில் பத்துப் பாட்டாவது எங்களுக்கு மனப்பாடம். மாலையில் நாங்கள் லயத்தில் உரக்கப் பாடுவோம். பாலெடுத்துக் களைத்து வந்த என் அம்மா, அடுப்பில் உலை வைத்தபடி அடுத்த அடியைத் தாமே எடுத்துப் பாடுவார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.