வோல்கா கரையில் ஒரு திருப்புமுனை

சிறுகதை வகுப்புகளில் நாம் ஓயாது பயன்படுத்தும் சொல் ‘திருப்புமுனை’. அதே சொல்லை வரலாற்று நூல்களும் எடுத்தாள்கின்றன. ஆனால் இரண்டிற்கும் இடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. கதையின் திருப்பத்தை அதன் ஆசிரியன் முன்னரே அறிவான். போரின் திருப்பத்தை அங்கு நின்று மடிந்தவர்கள் அறிந்திருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின் மாபெரும் திருப்புமுனை எனப்படும் ஸ்டாலின்கிராட் போரை இந்த நோக்கில் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

1942ஆம் ஆண்டின் பிற்பாதியில் போரின் போக்கு பல முனைகளில் மாறத் தொடங்கியது. ஜூன் மாதம் மிட்வே தீவருகே ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்திருந்தது. அக்டோபர் இறுதியில் எகிப்தின் எல் அலமைனில் பிரிட்டிஷ் படைகள் ரோம்மெலைத் தாக்கிப் பின்வாங்கச் செய்தன. எனினும் ஜெர்மானியத் தரைப்படையின் பெரும்பகுதி போரிட்ட இடம் ரஷ்ய மண்ணே. அங்கு நிகழ்ந்ததே போரின் முடிவைத் தீர்மானித்தது.

1941 ஜூன் 22 அன்று சோவியத் நாட்டின்மீது படையெடுத்த ஹிட்லர், அவ்வாண்டு டிசம்பரில் மாஸ்கோவின் வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்டார். மறு ஆண்டுக் கோடையில் அவர் நாடியது எண்ணெய். மைக்கோப், குரோஸ்னி, பாகு ஆகிய காக்கேசிய எண்ணெய் வயல்களே இலக்கு. 1942 ஜூலை 23 அன்று அவர் பிறப்பித்த ஆணை தெற்கிலிருந்த படையை இரண்டாகப் பிளந்தது. ஒரு பிரிவு காக்கேசியத்திற்கும் மறு பிரிவு வோல்கா நதிக்கரையிலிருந்த ஸ்டாலின்கிராடுக்கும் ஏவப்பட்டன. ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கவேண்டிய இரு வேலைகள் ஒரே வேளையில் தொடங்கின. ஆகஸ்டில் மைக்கோப் வீழ்ந்தது. ஆனால் பின்வாங்கிய சோவியத் படையினர் எண்ணெய்க் கிணறுகளை முன்னரே அழித்துவிட்டிருந்தனர்.

ஆகஸ்ட் 23 அன்று ஜெர்மானிய விமானங்கள் ஸ்டாலின்கிராடை எரித்தன. அன்றே அவர்களது டாங்கிகள் நகரின் வடக்கே வோல்காவைத் தொட்டன. செப்டம்பர் 12 அன்று 62ஆம் சோவியத் படையின் தலைமையை வாசிலி சூய்க்கோவ் ஏற்றார். எதிரியின் பலம் விமானமும் பீரங்கியும் என்று கண்ட அவர், தம் வீரர்களை எதிரிக்கு மிக நெருக்கமாக நிற்கச் செய்தார். குண்டு வீசினால் ஜெர்மானியர் தம்மவர்மீதே வீசவேண்டிய நிலை. வீடு வீடாக, மாடி மாடியாகப் போர் நடந்தது. நவம்பர் நடுவில் நகரின் பத்தில் ஒன்பது பங்கு ஜெர்மானியர் வசம். சூய்க்கோவின் கையில் எஞ்சியவை ஆற்றோரத்தின் ஒடுங்கிய சில நிலத்துண்டுகளே.

உண்மையான திருப்பம் நகருக்கு வெளியே உருவாகிக்கொண்டிருந்தது. பவுலுஸ் தலைமையிலான ஆறாம் ஜெர்மானியப் படை நகருக்குள் சிக்கிக்கொண்டிருக்க, அதன் பக்கவாட்டைக் காத்து நின்றவை ருமேனியப் படைகள். டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் அவர்களிடம் மிகக் குறைவு. சுகோவும் வசிலேவ்ஸ்கியும் அந்த இடத்தையே தேர்ந்தனர். நவம்பர் 19 அன்று வடமேற்கிலும் மறுநாள் தெற்கிலும் தாக்குதல் தொடங்கியது. 23ஆம் நாள் கலாச் அருகே இரு கரங்களும் இணைந்தன. ஏறத்தாழ இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வளையத்துக்குள் அகப்பட்டனர். நகரில் இரண்டு மாதங்களுக்கும் மேலாக மடிந்தவர்கள் வாங்கிக் கொடுத்தது இந்தக் கால அவகாசத்தைத்தான். தங்கள் உயிர் எதற்கு விலையானது என்பதை அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அறியவே இல்லை.

அதன்பின் நடந்தது வெறும் கணக்கு. நாளொன்றுக்கு 500 டன் பொருள்களை வான்வழியே கொண்டுசேர்ப்பதாகக் கோரிங் உறுதியளித்தார். சேர்ந்ததோ சராசரியாக 100 டன்னைச் சற்றே தாண்டியது. டிசம்பரில் மீட்க வந்த மான்ஸ்டைனின் படை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் நின்றுபோயிற்று. வெளியேற ஹிட்லர் அனுமதிக்கவில்லை. ஆணையை மீறப் பவுலுஸும் துணியவில்லை. 1943 ஜனவரி 30 அன்று அவருக்குப் பீல்டு மார்ஷல் பட்டம் வழங்கப்பட்டது. அந்தப் பதவியில் இருந்த ஜெர்மானியர் எவரும் அதுவரை சரணடைந்ததில்லை; சாகவேண்டும் என்பதே பட்டத்தின் உட்பொருள். மறுநாளே அவர் பிடிபட்டார். பிப்ரவரி 2 அன்று எல்லாம் முடிந்தது. சிறைப்பட்ட சுமார் 91,000 பேருள் வீடு திரும்பியோர் ஏறத்தாழ 6,000 பேர் மட்டுமே. வென்றவர்களின் இழப்போ இன்னும் பெரிது: சோவியத் தரப்பில் மாண்டோரும் காணாமற்போனோரும் ஏறக்குறைய 4,80,000 பேர்.

அந்நகரில் செஞ்சேனை நாளிதழின் நிருபராக வாழ்ந்தவர் எழுத்தாளர் வாசிலி கிராஸ்மன். 1941இல் பெர்டிசெவ் நகரில் யூதர்களோடு சேர்த்துக் கொல்லப்பட்டவர் அவருடைய அன்னை. அந்த அன்னைக்கே காணிக்கையாக்கி, ஸ்டாலின்கிராடை மையமாகக் கொண்டு ‘வாழ்வும் விதியும்’ என்னும் நாவலை அவர் எழுதினார். ஹிட்லரின் அரசுக்கும் ஸ்டாலினின் அரசுக்கும் இடையிலிருந்த ஒப்புமையைப் பேச அந்நாவல் அஞ்சவில்லை. 1961இல் சோவியத் உளவுத்துறை கையெழுத்துப் படிகளோடு தட்டச்சு நாடாக்களையும் அள்ளிச் சென்றது. அதே ஆண்டில் ஸ்டாலின்கிராட் என்னும் பெயரும் வோல்காகிராட் என மாற்றப்பட்டது. 1964இல் கிராஸ்மன் மறைந்தார். 1967இல் மமாயேவ் குன்றில் எழுந்த போர் நினைவிடத்தின் சுவரில் அவர் போர்க்காலத்தில் எழுதிய வரிகள் பொறிக்கப்பட்டன. எழுதியவர் பெயர் இல்லை. நாவலோ 1980இல் சுவிட்சர்லாந்தில்தான் நூல் வடிவம் கண்டது.

ஒருவனின் சொற்களைக் கல்லில் வெட்டிய அதே அரசு அவனது நூலைச் சிறையிட்டது. திருப்புமுனையை நிகழ்த்தியவர்கள் ஒருவர்; அதற்கு உரிமை கொண்டாடியவர்கள் வேறொருவர். ஆகவே நண்பர்களே, அச்சொல்லை இனி எழுதும்போது வரைபடத்தில் வளையும் அம்புக்குறியோடு நின்றுவிட வேண்டாம். தாம் நிற்பது வளைவு என்றே அறியாமல் ஆற்றங்கரையில் நின்றவர்களையும் ஒருகணம் நினைத்துக்கொள்வோம்.