பேசாத வேலைக்காரன்

நாப்போலியில் ஒரு சின்னக் குழு, இசையமைப்பாளர் பெர்கோலேசியின் ‘லா செர்வா பத்ரோனா’ ஓபராவைக் கச்சேரியாக நடத்தியது. ‘எஜமானியான வேலைக்காரி’ என்று பொருள். வேஷம், திரைச்சீலை எதுவும் இல்லை. இரண்டு பாடகர்கள், நான்கு தந்தி வாத்தியங்கள், ஒரு ஹார்ப்சிகார்ட், அவ்வளவுதான்.

என் கவலையெல்லாம் வெஸ்போனே பற்றித்தான். கதையில் மூன்றே பேர். கிழட்டு உபெர்ட்டோ, அவரை ஆட்டிவைக்கும் வேலைக்காரி செர்பீனா, இன்னொரு வேலைக்காரன் வெஸ்போனே. இவனுக்குப் பாட ஒரு வரி கிடையாது. நின்று பாடுகிற கச்சேரியில் பாடாதவனை எங்கே நிறுத்துவது?

ஹார்ப்சிகார்டுக்குத் தாள் புரட்டிக்கொண்டிருந்த பையன்தான் வெஸ்போனே! உபெர்ட்டோ அதட்டியதும் திருதிருவென்று விழித்தான். செர்பீனாவை மணக்கவந்த ராணுவ கேப்டனாக வேஷம் போட வேண்டிய கட்டத்தில், கையிலிருந்த தாளை மடித்து மீசையாகப் பிடித்துக்கொண்டான். நாலாயிரம் ஸ்கூதி வரதட்சணை கொடு, இல்லையேல் இவளை நீயே கட்டிக்கொள் என்று கேப்டன் மிரட்டுவதாக ஏற்பாடு. கிழவர் கட்டிக்கொள்கிறார்.

கஞ்சத்தனமாக நடத்திவிட்டார்கள் என்று என் பக்கத்து நாற்காலிக்காரர் முணுமுணுத்தார். எனக்கு அப்படிப் படவில்லை. இந்த ஓபரா பிறந்ததே கைக்கடக்கமாகத்தான். மன்னர்களும் வீரர்களும் வலம்வந்த பெரிய ஓபராக்களிலிருந்து கோமாளிக் காட்சிகளைக் கவிஞர்கள் துரத்திவிட்டிருந்த காலம் அது. ஜனங்களுக்குச் சிரிப்பு வேண்டுமே! துரத்தப்பட்ட சிரிப்பு இடைவேளையில் போய் உட்கார்ந்துகொண்டது. இன்டர்மெட்ஸோ என்று அதற்குப் பெயர். 1733இல், நாப்போலியின் சான் பார்த்தொலொமேயோ அரங்கில், ‘செருக்குள்ள கைதி’ என்ற தன் பெரிய ஓபராவின் இடைவேளைகளுக்காகத்தான் பெர்கோலேசி இதை எழுதினார். மூன்று அங்கம், நடுவே இரண்டு இடைவெளி. அதனால் இதுவும் இரண்டு பாகம். அப்போது அவருக்கு வயது 23. ஜோவாக்கினோ கொர்ராதோவும் லௌரா மோந்தியும் பாடினார்கள். கைதியை இன்று யாரும் தேடுவதில்லை.

26 வயதில், 1736இல், பொத்ஸுவோலி மடத்தில் பெர்கோலேசி இறந்தார். அடுத்த வருடம் நாப்போலியில் சான் கார்லோ என்ற புதிய அரங்கு திறக்கப்பட்டது. பழைய அரங்கின் காலம் முடிந்தது.

1746இல் பாரிஸ் ‘லா செர்வா பத்ரோனா’வைக் கேட்டும் கண்டுகொள்ளவில்லை. 1752 ஆகஸ்டில் பம்பீனி என்பவரின் இத்தாலிய நாடோடிக் குழு பாரிஸ் ஓபராவிலேயே பாடியபோது ஊர் இரண்டுபட்டது. இத்தாலிய இசையா, பிரெஞ்சு இசையா என்று இரண்டு வருடம் துண்டுப் பிரசுரச் சண்டை. தத்துவவாதி ரூசோ இத்தாலியின் பக்கம். பிரெஞ்சுக்காரர்களுக்கு இசையே கிடையாது என்று எழுதியும்விட்டார். ஒரு வேலைக்காரியின் வாய்த்துடுக்குக்காக அத்தனை பெரிய மனிதர்கள் மல்லுக்கு நின்றது எனக்கு இன்றும் வேடிக்கைதான்.

முழுவதும் கேட்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. முதலில் உபெர்ட்டோ தன் சாக்லேட் பானத்துக்காகக் காத்துக் காத்து எரிச்சலில் பாடும் பாட்டைக் கேளுங்கள்.