கைரேகையும் கரும்பலகையும்

கப்பலூரைக் கடந்து திருமங்கலம் செல்வோர் இன்று காண்பது தியாகராஜர் ஆலையையும், தொழிற்பேட்டையையும், வாகனங்கள் காத்துக் கிடக்கும் சுங்கச்சாவடியையும்தான். ஆயினும் இச்சாலைக்கு மேற்கே, நாகமலை அடிவாரம் தொட்டு உசிலம்பட்டிச் சீமை வரையில் பரந்த கிராமங்களில், குழந்தைகளின் கல்வி போலீஸ் பதிவேட்டோடு பிணைந்து வந்த சரித்திரம் ஒன்று உண்டு.

1911-ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் 1914-இல் கீழக்குயில்குடிக் கள்ளர்மீதும், பின்னர் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதன்மீதும் ஏவப்பட்டது. கைரேகை பதிந்த ஆடவர் இரவில் சாவடியில் வந்து படுக்கவேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். இவ்வளவும் பலர் அறிந்ததே. அதிகம் பேசப்படாத பிரிவு ஒன்றும் அச்சட்டத்தில் இருந்தது: குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் வைக்கும் அதிகாரம் சர்க்காருக்கு உண்டு என்பது. யாதொரு குற்றமும் புரியாத பாலகன், பிறந்த குலம் ஒன்றையே காரணமாகக் கொண்டு தாய்மடியை இழக்கலாம் என்று எழுதியவர்கள், அதனை தர்மம் என்றே நம்பினார்கள் போலும்!

1920 ஏப்ரல் 3-ஆம் நாள், கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் போலீஸ் துப்பாக்கி வெடித்தது. மாயக்காள் என்ற பெண்மணி உட்படப் பலர் மாண்டனர். அக்காலத்தை ஒட்டியே கள்ளர் சீரமைப்புத் திட்டம் உருப்பெற்று, பள்ளிகளும் மாணவர் விடுதிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் கிணறுகளும் தோன்றின. தந்தையின் பெயர் இரவில் சாவடியில் கூப்பிடப்பட, மகனின் பெயர் பகலில் வகுப்பில் கூப்பிடப்பட்டது. இரண்டிற்கும் 'ஆஜர்' என்று பதில் சொல்லியாக வேண்டும். அடக்குமுறையின் உடன்பிறப்பாக வந்த கல்வியை அம்மக்கள் ஐயத்தோடு நோக்கியதில் வியப்பென்ன?

சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் நீக்கப்பட்டது, பள்ளிகளோ நீங்கவில்லை. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அவை இன்றும் நடைபெறுகின்றன. பள்ளி மாணவரிடையே சாதி மோதலைத் தவிர்க்கும் வழிகளை ஆராய்ந்த நீதிபதி சந்துரு குழு 2024-இல், சாதிப் பெயர் தாங்கிய இப்பள்ளிகளைப் பள்ளிக் கல்வித்துறையோடு இணைக்கப் பரிந்துரைத்தபோது, பெயரை நீக்குவதன் நியாயத்தை நான் மறுக்கவில்லை. எனினும் அந்த இணைப்பை எதிர்த்துக் குரல் எழுப்பியோரில் அச்சமூகத்தாரே முன்னின்றனர். பாட்டன் தண்டனையாகக் கண்ட பள்ளியைப் பேரன் தன் உரிமையாகக் கோருகிறான்.