தாலியும் தஸ்தாவேஜும்

வெளிநாட்டு வரன் என்றால் நம் வீடுகளில் ஜாதகம் பார்ப்பதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடுகிறது: "பையன் சிட்டிஸனா, பி.ஆரா, இல்லை வெறும் ஒர்க் பெர்மிட்டா?" பெண்ணுக்குப் பத்தொன்பதோ இருபதோ ஆகியிருக்கும். படிப்பை முடிக்கட்டுமே என்று ஒருவர் இழுத்தால், "விசா வர்றதுக்கே ரொம்ப நாளாகும், அதுக்குள்ள படிச்சு முடிச்சுடுவா" என்று இன்னொருவர் சமாதானம் சொல்வார். இதைக் கண்டு பெரியவர்கள் சிலர் கலிகாலம் என்று தலையில் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால், திருமணத்தைக் குடியிருப்பு உரிமையாக மாற்றும் வழக்கத்துக்கு நாம் வந்து குடியேறிய இந்தக் கொச்சியிலேயே ஐந்நூறு ஆண்டு வரலாறு உண்டு.

கப்ரால் தலைமையில் போர்த்துக்கீசியக் கப்பல்கள் கொச்சிக்கு வந்தது 1500 டிசம்பரில். 1503இல் கோட்டை எழுந்தது. கோட்டையைச் சுற்றிய தம் ஊரை அவர்கள் கீழ்க் கொச்சி என்றும், அரசர் ஆண்ட மட்டாஞ்சேரிப் பக்கத்தை மேல் கொச்சி என்றும் அழைத்தார்கள். காலாற நடந்து போய்விடும் தூரம்தான். ஆனால் அங்கே ஒரு சட்டம், இங்கே ஒரு சட்டம். அங்கே போர்த்துக்கல் மன்னரின் குடிமகன், இங்கே பெரும்படப்பு சுவரூபத்தின் பிரஜை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண் கடந்துபோக இருந்த முக்கியமான வழி, திருமணம்.

அன்றைய போர்த்துக்கல்லின் மக்கள்தொகை பத்துப் பதினைந்து லட்சத்துக்குள் அடங்கும். அத்தனை சிறிய நாடு ஆப்பிரிக்கா முதல் மலாக்கா வரை கோட்டை கட்டிக் காவல் காப்பது எப்படி? கப்பலில் வந்தவர்களில் பெண்கள் மிகச் சிலரே. ஆண்களிலும் வழியிலேயே நோயில் மாண்டவர் பலர். 1510இல் கோவாவைப் பிடித்த அல்புகெர்க் இதற்கு ஒரு வழி கண்டார். இங்குள்ள பெண்களைத் தம் ஆட்கள் மணந்துகொள்ள ஊக்கம் கொடுத்தார். மணந்தவர்களுக்கு வீடும் நிலமும் கிடைத்தன. பெண் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவருக்கு நிறம் பற்றிய எண்ணமும் இருந்தது. கோவாவின் வெளுத்த நிறப் பெண்கள்தான் அவர் மனதில் இருந்தார்கள். மலபார்ப் பெண்களை மணப்பதை அவர் விரும்பவில்லை. ஆனால் கொச்சியில் இருந்தவர்கள் அவர் விருப்பத்துக்காகக் காத்திருக்கவில்லை.

இப்படி மணந்து தங்கியவருக்குப் பெயர் 'கசாதோ'. 'காசா' என்றால் வீடு. வீடுடையவன், நம் மொழியில் சொன்னால் குடும்பஸ்தன். மணமாகாதவன் 'சொல்தாதோ', அதாவது சிப்பாய். எங்கே அனுப்பினாலும் போக வேண்டியவன். கசாதோவுக்கு அந்தத் தொல்லை இல்லை. வழக்கமான படைப்பணியிலிருந்து விலக்கு. சோழமண்டலக் கரை, வங்காளம், மலாக்கா என்று சொந்த வியாபாரம். ஊர் நிர்வாகத்தில் இடம். 1527இல் கொச்சி நகரத் தகுதி பெற்றபோது அந்த நகரசபையின் முதுகெலும்பாக இருந்தவர்கள் இவர்கள்தான். ஆக, இங்கே வந்தேறி மாப்பிள்ளை, ஊர்க்காரி மணப்பெண். 'ஸ்பான்சர்' செய்தவள் அவள்!

அவளுக்குக் கிடைத்தது என்ன? புதிய மதம், மரியா என்றோ இசபெல் என்றோ ஒரு புதிய பெயர், புதிய சட்டம். அன்றைய சாதிக் கட்டுப்பாட்டில், அந்த வாசலைத் தாண்டியவளுக்குத் திரும்பிப்போகும் வாசல் அடைபட்டது. கணவன் அவளால் ஊர்க்காரன் ஆனான். அவளோ தன் ஊரிலேயே அந்நியள் ஆனாள். இதைப் பற்றி லிஸ்பனுக்குக் கடிதம் எழுதியவர்கள் எல்லாரும் தளபதிகளும் பாதிரிமார்களும். அவள் தரப்பை அவர்கள் யாரிடம் கேட்டிருக்கப் போகிறார்கள்?

இதன் மறுபக்கமும் சுவையானது. 1540களிலிருந்து போர்த்துக்கல் அரசு தன் நாட்டு அனாதைச் சிறுமிகளையே கப்பலேற்றி கோவாவுக்கு அனுப்பத் தொடங்கியது. 'மன்னரின் அனாதைகள்' என்று பெயர். கல்யாண வயதை எட்டியும் எட்டாமலும் வந்த இந்தப் பெண்களுக்குச் சீதனம் பொன் அல்ல, அரசாங்க உத்தியோகம். பெண்ணைக் கட்டிக்கொள்பவனுக்குச் சுங்கச் சாவடியிலோ கிடங்கிலோ ஒரு பதவி! பெண் பதவியை வைத்திருக்கலாம், ஆனால் அதில் உட்காரக் கூடாது. மாப்பிள்ளைதான் உட்கார வேண்டும். சீர்வரிசை பற்றி நம்மைக் குறைகூறும் மேல்நாட்டார் இதையும் படித்தால் நல்லது.

1663 ஜனவரியில் கொச்சி டச்சுக்காரர் கைக்கு மாறியது. டச்சுக் கம்பெனியின் ஊழியர் மணம்செய்ய மேலிட அனுமதி வேண்டும். ஆசியப் பெண்ணானால் கிறிஸ்தவளாக இருக்க வேண்டும். இதுவரை பழைய கதைதான். புதியது என்னவென்றால், ஆசிய மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஹாலந்துக்குத் திரும்பக் கூடாது என்று கம்பெனி தடை போட்டது. இங்கே இருக்கிற வரைக்கும் மனைவி; கப்பல் ஏறும் துறைமுகத்தில் யாரோ ஒருத்தி. ஒன்று நீ இங்கேயே கிட, இல்லையென்றால் குடும்பத்தை விட்டுப் போ. திருமணத்தை ஊக்குவித்த அரசும் சரி, முடக்கிய அரசும் சரி, தம்பதியை நினைத்துச் சட்டம் போடவில்லை. ஆள் தேவைப்பட்டபோது வாசல் திறந்தது, தேவை தீர்ந்ததும் சாத்தியது.

(நடுவில் ஒரு வார்த்தை. மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த யூத ஆலயத்துக்குப் பரதேசி ஆலயம் என்று பெயர். நம் ஊரில் 'பரதேசிப் பயலே' என்று திட்டுகிற சொல், இங்கே வெளியூரிலிருந்து வந்தவர் என்ற நேர்ப்பொருளில் கௌரவமாக நிற்கிறது. புலம்பெயர்ந்த நமக்கு அந்தப் பலகையைப் பார்த்தால் ஒரு சந்தோஷம் வரத்தான் செய்கிறது.)

கொச்சியை விட்டுத் தமிழர் போன இடங்களுக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவில் குடியிருப்பு உரிமை பெற்ற இந்தியரின் மனைவி அங்கே வந்து சேரலாம் என்பது நடைமுறை. 1913 மார்ச் 14 அன்று கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்பளித்தார். பாய் மரியம் என்ற பெண்ணைக் கரையிறங்க விடாத வழக்கு அது. பலதாரத்துக்கு இடம்தரும் மதச் சடங்குப்படி நடந்த திருமணம் குடிவரவுக்குச் செல்லாது என்பதே தீர்ப்பின் சாரம். ஒரே நாளில் இந்து, முஸ்லிம் மனைவியரின் சட்டத் தகுதி ஆட்டம் கண்டது. அக்கினி சாட்சியாக நடந்தது போதாதாம்!

அதுவரை ஆண்களோடு நின்ற சத்தியாக்கிரகத்தில் பெண்களும் இறங்கியது இதன் பிறகுதான். 1913 செப்டம்பரில் கஸ்தூரிபாய் சிறை சென்றார். டால்ஸ்டாய் பண்ணையைச் சேர்ந்த பெண்கள், பெரும்பாலும் தமிழச்சிகள், கைக்குழந்தைகளோடு நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளரிடம் பேசினார்கள். மூன்று பவுன் வரிக்கு எதிராகச் சுரங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஜோகன்னஸ்பர்க்கில் வளர்ந்த தில்லையாடி வள்ளியம்மை சிறையில் காய்ச்சல் கண்டு, வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று மறைந்தார். வயது 16. அவருக்குத் திருமணமே ஆகவில்லை என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். தனக்கு இல்லாத ஓர் உரிமைக்காக, ஊரார் மனைவியரின் உரிமைக்காக அந்தப் பெண் உயிரை விட்டாள். அதே ஆண்டு வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் ஒரு மனைவியையும் வயதுவராத பிள்ளைகளையும் ஏற்றுக்கொண்டது. மூன்று பவுன் வரியும் ஒழிந்தது.

பிற்காலச் சட்டங்களில் இளவயது ஒரு தனிப் பிரச்சினையாக எழுந்தது. பிரிட்டன் 2008 நவம்பரில், கட்டாயத் திருமணத்தைத் தடுக்கிறோம் என்று சொல்லி, மணவிசாவுக்கான வயதை 18லிருந்து 21 ஆக்கியது. நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மனமொத்து மணந்த இளம் தம்பதியரும் அதில் சிக்கினார்கள். 17 வயது பிரிட்டிஷ் பெண்ணும் 18 வயது சிலி நாட்டு இளைஞனும் தொடுத்த வழக்கில், அந்த விதி அவர்களது குடும்ப வாழ்வுரிமைக்கு முரணானது என்று 2011 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது.

நம் நாட்டுச் சட்டமும் ஒன்றும் சளைத்ததல்ல. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில், திருமணத்தால் பதிவுபெறும் வழி இந்தியரை மணந்த 'பெண்களுக்கு' மட்டுமே இருந்தது. இந்தியப் பெண்ணை மணந்த அந்நிய மாப்பிள்ளைக்கு அந்தக் கதவு 1986 திருத்தத்தில்தான் திறந்தது. பெண் புருஷனோடு போக வேண்டியவள், புருஷனை அழைத்துவர அவள் யார் என்ற எண்ணம்தான் சட்ட வாசகமாக 31 ஆண்டுகள் இருந்தது. கசாதோவின் மனைவியை அந்தச் சட்டம் எழுதியவர்கள் கேள்விப்பட்டதில்லை போலும்.

கேரளத்துக்கும் நமக்கும் மிக அருகில் வருவது இலங்கை மலையகத் தமிழரின் கதை. 1948இல் குடியுரிமை இழந்த அவர்களுக்கு 1949இல் ஒரு சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து எத்தனை ஆண்டு இலங்கையில் இருந்தாய் என்பதே கேள்வி. மணமாகாதவருக்குப் பத்து ஆண்டு, மணமானவருக்கு ஏழு ஆண்டு. தாலி மூன்று வருஷத்தைக் குறைத்தது! ஆனால் மனைவியும் பிள்ளைகளும் அங்கேயே தொடர்ந்து வாழ்ந்ததையும் காட்ட வேண்டும். பிரசவத்துக்குத் தாய்வீடு என்று திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் போய்வரும் சனத்துக்கு அது லேசான காரியமா? தோட்டத்து லயத்தில் பிறப்புச் சான்றிதழை யார் வைத்திருந்தார்கள்? ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பித்ததில் குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

1964 அக்டோபர் 30 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் மீதிப் பேரைப் பங்குபோட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, முடிவு பின்னர் என்று 1,50,000. தகப்பன் எந்த நாட்டுக்கு எழுதிக்கொடுத்தாரோ அந்த நாட்டுக்காரி மகள். கட்டிக்கொண்டவன் வேறு நாட்டுப் பட்டியலில் இருந்தால், பெற்றவரா புருஷனா என்பதைத் தலைமன்னார்க் கப்பலுக்கு முன்னால் அவள் முடிவு செய்ய வேண்டும். அப்படி வந்திறங்கிய குடும்பங்களில் ஒரு பகுதி கேரளத்துக்கும் வந்தது. அவர்களுக்காக 1976இல் தொடங்கப்பட்ட மறுவாழ்வுத் தோட்டக் கழகத்தின் ரப்பர் தோட்டங்கள் புனலூர்ப் பக்கம் இருக்கின்றன. கொச்சியிலிருந்து அரை நாள் பயணம். அங்கே வந்து சேர்ந்த பெண்களில் பலர் இந்தியாவை முதன்முதலாகப் பார்த்ததே கல்யாணம் முடிந்து, கணவனின் பெயருக்குக் கீழே எழுதப்பட்ட ஒரு வரியாகத்தான்.